அறுபத்தைந்து வாட்

மேசைக்கு அடியில் நிற்கும் பெட்டி முழுவதையும் ‘சிபியு’ என்று சொல்வது நம் வீடுகளில் பழகிப்போன ஒன்று. உண்மையில் சிபியு என்பது அந்தப் பெட்டிக்குள், ஹீட் சிங்குக்குக் கீழே, வெளியே தலைகாட்டாமல் உட்கார்ந்திருக்கும் பிராசசர் மட்டும்தான். ஏறத்தாழ ஒரு தீப்பெட்டியின் முகப்பளவு உலோகத் தகடு. அந்தத் தகட்டுக்கு அடியில் கட்டைவிரல் நகத்தளவு சிலிக்கான். வீட்டுக்கு ஒரு சிஸ்டம் அசெம்பிள் செய்யச் சென்னையின் ரிச்சி தெருவுக்குப் போகிறவர்கள் முதலில் கேட்பது இந்த நகத்தளவுப் பொருளைப் பற்றித்தான். இன்டெல்லின் ஐ5 போதுமா, ஐ7 வேண்டுமா, ஏஎம்டியின் ரைசனில் எது நல்லது? பதில் பெரும்பாலும் ‘பட்ஜெட் எவ்வளவு?’ என்பதிலிருந்து தொடங்கும். இந்த அத்தியாயம் வேறு இடத்திலிருந்து தொடங்குகிறது. வடசென்னை வியாசர்பாடியில், எம்.கே.பி. நகரிலோ சர்மா நகரிலோ, பத்துக்குப் பத்து அறை ஒன்றில், மே மாதத்து மதியம் இரண்டு மணிக்கு, அந்தப் பெட்டிக்குள்ளிருந்து எத்தனை வாட் வெப்பத்தை இடைவிடாமல் வெளியேற்ற முடியும்? இதற்கு விடை தெரிந்துவிட்டால் எந்த பிராசசர் என்ற கேள்வியில் முக்கால்வாசி தீர்ந்துவிடும். நடு விலையில் கிடைக்கும், ஆறு கோர் (தனித்தனியே கணக்குப் போடும் பகுதி) கொண்ட 65 வாட் பிராசசரைப் பலர் ‘கையில் இருந்த காசுக்கு இதுதான்’ என்று மனதைத் தேற்றிக்கொண்டு வாங்குகிறார்கள். தேற்றிக்கொள்ள வேண்டிய அவசியமே இல்லை. கையில் கூடுதலாகக் காசு இருந்தாலும் பெரும்பாலான வீடுகளுக்கு அதுதான் சரி என்பது என் வாதம்.

பிராசசருக்குள் போகும் மின்சாரம் அத்தனையும் கடைசியில் வெப்பமாகத்தான் வெளியே வருகிறது. அதன் அளவு மூன்று விஷயங்களைப் பொறுத்தது: மாறி மாறித் திறந்து மூடும் டிரான்சிஸ்டர்களின் மொத்தக் கொள்ளளவு, அவற்றுக்குக் கொடுக்கும் மின்னழுத்தத்தின் வர்க்கம், கடிகார வேகம். வேகத்தைக் கூட்டினால் வெப்பம் அதே விகிதத்தில் கூடும் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் டிரான்சிஸ்டர் வேகமாகத் திறந்து மூட வேண்டுமென்றால் மின்னழுத்தத்தையும் சேர்த்து உயர்த்த வேண்டும். அது வர்க்கமாக வந்து உட்காரும். ஆகவே மேல்மட்ட வேகங்களில் வெப்பம் வேகத்தின் கனத்தை ஒட்டி ஏறுகிறது. 20 சதவீதம் கூடுதல் வேகத்துக்கு 1.2-ஐ மூன்று முறை பெருக்கிப் பார்த்தால் 1.73. அதாவது ஐந்தில் ஒரு பங்கு வேகம் கூட, முக்கால் பங்கு வெப்பம் கூடுகிறது. பெட்டியின் மேல் ‘6 கிகாஹெர்ட்ஸ்’ என்று பெரிதாக அச்சிடப்படும் எண் இந்த ஏற்றத்தின் உச்சியில் வாங்கப்பட்ட எண்.

முன்பு இந்த நிலை இருந்ததில்லை. ஐபிஎம் நிறுவனத்தின் ராபர்ட் டென்னார்டும் அவருடன் பணியாற்றியவர்களும் 1974-இல் ஒரு விதியை எழுதினார்கள்: டிரான்சிஸ்டரைச் சிறிதாக்கும்போது மின்னழுத்தத்தையும் அதே விகிதத்தில் குறைத்துக்கொண்டே வந்தால், ஒரு சதுர மில்லிமீட்டரில் வெளியாகும் வெப்பம் மாறாது. முப்பது ஆண்டுகள் தொழில் இந்த விதியின் மேல்தான் ஓடியது. ஒவ்வொரு தலைமுறையும் வேகம் கூடியது, வெப்பம் கட்டுக்குள் நின்றது. பிறகு மின்னழுத்தம் ஒரு வோல்ட்டை நெருங்கியபோது, மூடியிருக்க வேண்டிய டிரான்சிஸ்டர்கள் கசியத் தொடங்கின. அதற்குக் கீழே இறக்க முடியவில்லை. பென்டியம் 4-ஐ 10 கிகாஹெர்ட்ஸ் வரை கொண்டுபோகலாம் என்று நம்பியிருந்த இன்டெல், 2004-இல் 3.8 கிகாஹெர்ட்ஸில் நின்றது. அடுத்து வரவிருந்த தேஜாஸ் என்ற வடிவமைப்பை அதே ஆண்டு மே மாதம் கைவிட்டது. அன்று முதல் எல்லா நிறுவனங்களும் ஒரே கோரை விரட்டுவதை விட்டுவிட்டு, கோர்களின் எண்ணிக்கையைக் கூட்டும் வழிக்கு வந்தன. இன்று கடையில் நாம் கேட்கும் ‘ஆறு கோரா, பதினாறு கோரா?’ என்ற கேள்வி அந்த 2004-இன் பிள்ளை.

வெப்பம் எவ்வளவு நெருக்கமாகப் பிறக்கிறது என்பதை ஒருமுறை கணக்கிட்டுப் பார்க்கலாம். 2000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பில் 20 செ.மீ. அகலப் பாத்திரத்தை வைத்தால், ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 6 வாட். ரைசன் 5 5600-க்குள் இருக்கும் கோர் சில்லின் (சிலிக்கான் துண்டின்) பரப்பு ஏறத்தாழ 80 சதுர மில்லிமீட்டர். அதில் 50 வாட் வெளியானால், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 60 வாட்டுக்கு மேல். தோசைக்கல்லுக்குக் கீழே இருப்பதைப்போலப் பத்து மடங்கு நெருக்கம். அந்த வெப்பம் முதலில் சில்லின் மேலிருக்கும் உலோகத் தகட்டுக்கு ஏற வேண்டும், அங்கிருந்து கடுகு கனம்கூட இல்லாத ஒரு பூச்சு பேஸ்ட் வழியாக ஹீட் சிங்குக்கு, அங்கிருந்து விசிறிக் காற்றுக்கு, கேபினட்டுக்குள்ளிருந்து அறைக்கு, அறையிலிருந்து ஜன்னல் வழியாகத் தெருவுக்கு. ஒவ்வொரு படியிலும் ஒரு தடை. எண்ணூர் வட்டாரத்து அனல் மின் நிலையங்களைப் பார்த்து வளர்ந்த வடசென்னைக்காரருக்கு இது புதிதல்ல. நிலக்கரியின் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகிறது; மிச்சத்தைப் புகைபோக்கியும் குளிர்விக்கும் நீரும்தான் சுமக்க வேண்டும். அந்த வெந்நீர் கழிமுகத்தில் கலப்பதைப் பற்றி மீனவர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார்கள். வெப்பத்தை உண்டாக்குவது எளிது. எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்பதுதான் எப்போதும் சிக்கல்.

இப்போது அறைக்கு வருவோம். சென்னையில் 2003 மே 31 அன்று 45 டிகிரி பதிவானது. அப்படிப்பட்ட நாளை விட்டுவிட்டு, சாதாரண மே மதியத்தில் காங்கிரீட் தளத்துக்கு அடியிலோ ஷீட் கூரைக்கு அடியிலோ இருக்கும் அறையில் 38 டிகிரி என்று வைத்துக்கொள்ளலாம். கேபினட்டுக்குள் அது 45 ஆகும். சாதாரண ஹீட் சிங்க் ஒரு வாட்டுக்கு அரை டிகிரி வீதம் சில்லின் வெப்பநிலையை உயர்த்துகிறது என்று தோராயமாக எடுத்துக்கொண்டால், 65 வாட்டுக்கு 32.5 டிகிரி; மொத்தம் 77 அல்லது 78. இன்டெல்லின் கோர் ஐ5-12400-க்கு உச்ச வரம்பு 100 டிகிரி, ரைசன் 5 5600-க்கு 90. இரண்டுக்கும் மூச்சுவிட இடம் இருக்கிறது. இதே கணக்கை 253 வாட் வரை இழுக்கக்கூடிய கோர் ஐ9-13900கே-க்குப் போட்டால் அதே ஹீட் சிங்க் கதைக்கே ஆகாது. ஒரு வாட்டுக்கு 0.2 டிகிரி மட்டும் ஏற்றும் விலை உயர்ந்த கூலரை மாட்டினாலும் 45-உடன் 50 சேர்ந்து 95-ஐத் தொட்டு வரம்பை நெருங்கிவிடுகிறது. வரம்பைத் தொட்டதும் பிராசசர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். 22 டிகிரி ஏசி அறையில் நடத்தப்பட்ட சோதனையின் எண்ணைப் பார்த்து வாங்கியவருக்கு, அந்த எண் தன் அறையில் மே மாதத்தில் கிடைக்காது.

அந்த அறையில் மனிதர்களும் இருக்கிறார்கள் என்பதை மறக்கக்கூடாது. சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மனித உடல் ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தை வெளியிடுகிறது. கிராபிக்ஸ் கார்டோடு சேர்ந்து 400 வாட் இழுக்கும் ஒரு மெஷினை ஓடவிட்டால், அந்தச் சின்ன அறையில் கூடுதலாக நான்கு பேர் வந்து உட்கார்ந்ததற்குச் சமம். சீலிங் ஃபேன் காற்றைக் குளிர்விப்பதில்லை. இருக்கும் காற்றைச் சுற்றிவிட மட்டுமே செய்யும். கூடவே தூசியும் சேர்கிறது. கொடுங்கையூர் குப்பைக் கிடங்கு பக்கத்தில் இருக்க, சரக்கு லாரிகள் ஓயாமல் போகும் சாலைகள் சூழ்ந்திருக்க, இந்தப் பகுதியில் ஹீட் சிங்கின் மெல்லிய தகடுகளுக்கு நடுவே சாம்பல் நிறத்தில் கம்பளிபோல் தூசி படிய அதிக நாள் ஆகாது. படிந்தால் அந்த அரை டிகிரி என்ற கணக்கு முக்கால் டிகிரி ஆகிவிடும். அப்போதும் 65 வாட் பிராசசர் 94 டிகிரியில் நிற்கும்: ஐ5 வரம்புக்குள் இருக்கும், ரைசன் கொஞ்சம் வேகத்தைக் குறைத்துக்கொண்டு வேலையைத் தொடரும். பெரிய பிராசசருக்கு அந்தச் சலுகை இல்லை.

வெப்பமும் மின்னழுத்தமும் சேர்ந்து சில்லின் ஆயுளையும் தின்கின்றன. இதற்கு அண்மைக்காலச் சான்று இருக்கிறது. இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்களில், பெரும்பாலும் உச்ச வேகத்துக்கு விரட்டப்பட்ட மேல்வரிசை மாடல்களில், காரணமில்லாமல் புரோகிராம்கள் நின்றுபோகும் கோளாறு 2024-இல் பரவலாகத் தெரியவந்தது. தேவைக்கு மேல் உயரும் மின்னழுத்தம் கோருக்குள் இருக்கும் ஒரு கடிகாரச் சுற்றை முன்கூட்டியே முதுமையாக்குகிறது என்று அந்நிறுவனமே அறிவித்து, மைக்ரோகோடு திருத்தங்களை வெளியிட்டு, பாதிக்கப்படக்கூடிய மாடல்களுக்கு வாரண்டியை இரண்டு ஆண்டுகள் நீட்டித்தது. உச்சியில் கிடைக்கும் கடைசிச் சில சதவீத வேகத்துக்காக எவ்வளவு நெருக்கடியில் ஒரு சில் இயங்க வேண்டியிருக்கிறது என்பதை இது காட்டுகிறது.

சரி, வேகத்தை விட்டுவிட்டுக் கோர்களைக் கூட்டினால்? இதற்கு 1967-இலேயே ஜீன் அம்தால் பதில் சொல்லிவிட்டார். எந்த வேலையிலும் பிரித்துக் கொடுக்க முடியாத ஒரு பகுதி இருக்கும். பத்துப் பேர் சேர்ந்து காய் நறுக்கலாம். ஆனால் குழம்பு கொதிக்கும் நேரத்தைப் பத்தாகப் பிரிக்க முடியாது. ஒரு வேலையில் 80 சதவீதம் பிரிக்கக்கூடியது, 20 சதவீதம் பிரிக்க முடியாதது என்று வைத்துக்கொண்டால், ஆறு கோரில் அந்த வேலை சரியாக 3 மடங்கு வேகமாக முடியும். பன்னிரண்டு கோரில் 3.75 மடங்கு. பதினாறில் 4 மடங்கு. கோடிக் கோர்களை அடுக்கினாலும் 5 மடங்கைத் தாண்டாது. ஆறிலிருந்து பதினாறுக்குப் போக விலை ஏறுகிறது, வாட் ஏறுகிறது, கூலரும் மதர்போர்டும் மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ்ஸும் கூடவே ஏறுகின்றன. கிடைப்பது மூன்றிலிருந்து நான்கு. பிரவுசர், எக்செல், டேலி, ஜாவா பாடம், ஆட்டோகேட் வரைபடம், பெரும்பாலான கேம்கள் என வீட்டில் ஓடும் வேலைகளில் பலவற்றில் பிரிக்க முடியாத பங்கு 20 சதவீதத்தைவிடவும் அதிகம்.

வடசென்னையில் இதற்கு மிகப் பொருத்தமான உதாரணம் கானாப் பாட்டு. முன்பு ஸ்டுடியோ வாடகைக்கு அலைந்த பாடகர்கள் இன்று வீட்டு அறையிலேயே மைக்கை மாட்டி, கம்ப்யூட்டரில் பதிவு செய்து, யூடியூபில் ஏற்றிவிட முடிகிறது. பிராசசருக்கு இதைவிடக் கறாரான தேர்வு வேறு இல்லை. குரல் நொடிக்கு 48,000 மாதிரிகளாக உள்ளே வருகிறது. மென்பொருள் அதை 256 மாதிரிகள் கொண்ட கட்டுகளாகப் பிரித்து வாங்குகிறது. ஒரு கட்டுக்கு 5.33 மில்லிசெகண்ட். அந்தக் கட்டு முடிவதற்குள், குரலின் சுருதியைச் சரிசெய்து, பிறகு ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்து, பிறகு எதிரொலி சேர்த்துப் பாடுபவரின் ஹெட்போனுக்குத் திருப்பி அனுப்பியாக வேண்டும். ஒன்றின் வெளியீடு அடுத்ததன் உள்ளீடு என்பதால் இந்தச் சங்கிலியைப் பல கோர்களுக்குப் பிரிக்க முடியாது. ஒரே கோர் முழுவதையும் இழுக்க வேண்டும். டோலக்கு ஒரு கோருக்கு, கடசிங்காரி இன்னொன்றுக்கு, கீபோர்டு வேறொன்றுக்கு என்று மற்ற ட்ராக்குகள் பிரிந்துகொள்ளும். ஆறு கோருக்கு அது சுலபமான சுமை. கடைசியில் எல்லாம் சேரும் கலவைப் புள்ளியில் மறுபடியும் ஒரே வரிசை. ஒரு கட்டு 5.33 மில்லிசெகண்டைத் தாண்டிவிட்டால் பாட்டின் நடுவே ‘டிக்’கென்று ஒரு வெடிப்புச் சத்தம் விழும். சராசரி வேகம் எவ்வளவு என்பது இங்கே பொருட்டே இல்லை. மிக மோசமான நொடியில் என்ன வேகம் என்பதே பொருட்டு. வெப்ப வரம்பைத் தொட்டு நொடிக்கு நொடி ஏறி இறங்கும் பெரிய பிராசசரைவிட, ஒரே வேகத்தில் சீராக ஓடும் நடுத்தர பிராசசர் இங்கே மேல். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மைக்கும் கேபினட்டும் ஒரே அறையில்தான் இருக்கின்றன. 250 வாட்டைத் தள்ளச் சுழலும் விசிறிகளின் இரைச்சல் பாட்டில் பதிவாகும். 65 வாட்டுக்கு நிதானமாகச் சுழலும் ஒரு விசிறியைச் சமாளித்துவிடலாம்.

அம்தாலின் கணக்கை எதிர்த்து ஒரு நியாயமான வாதம் உண்டு. கோர்கள் கூடினால் மனிதர்கள் அதே வேலையை வேகமாகச் செய்வதில்லை, இன்னும் பெரிய வேலையை எடுத்துச் செய்கிறார்கள் என்று 1988-இல் ஜான் கஸ்டாஃப்ஸன் எழுதினார். பெரிய வேலையில் பிரிக்கக்கூடிய பங்கும் பெரிதாகும். பிளெண்டரில் முப்பரிமாணக் காட்சிகளை ரெண்டர் செய்பவர், நாள் முழுக்கப் பெரிய மென்பொருளைக் கம்பைல் செய்பவர் ஆகியோருக்கு இது உண்மை; அவர்கள் பதினாறு கோர் வாங்கட்டும், ஏசி அறையில் வைக்கட்டும். கல்யாண வீடியோ எடிட் செய்பவர் இந்தப் பட்டியலில் சேருவதுபோல் தோன்றும், ஆனால் முழுமையாகச் சேரமாட்டார். வீடியோவைச் சுருக்கி எழுதும் வேலைக்கென்றே தனிச் சுற்று, கிராபிக்ஸ் பகுதிக்குள் இருக்கிறது. இன்டெல்லில் அதன் பெயர் குவிக் சிங்க். பொதுக் கோர்கள் மூச்சிரைக்கச் செய்யும் வேலையை அது சில வாட்டில் செய்துவிடும். இங்கேதான் ஒரே ஓர் எழுத்தில் ஏமாறும் ஆபத்து இருக்கிறது. ஐ5-12400-இல் அந்தச் சுற்று உண்டு. கொஞ்சம் விலை குறைவு என்று ஐ5-12400எஃப் வாங்கினால் கிராபிக்ஸ் பகுதியே இல்லை. தனி கார்டு போடாவிட்டால் திரையில் ஒன்றும் தெரியாது. ரைசன் 5 5600-ம் அப்படித்தான். 5600ஜி-யில் கிராபிக்ஸ் உண்டு, ஆனால் மூன்றாம் நிலை கேஷ் நினைவகம் 32 எம்பியிலிருந்து பாதியாகக் குறைகிறது. ரைசன் 5 7600-இல் திரையை ஓட்டப் போதுமான சிறிய கிராபிக்ஸ் சேர்ந்தே வருகிறது.

ஆறு கோர் மட்டும் ஏன் இவ்வளவு மலிவு என்ற சந்தேகம் பலருக்கு வரும். ஏதோ குறை இருக்குமோ என்று தயங்குவார்கள். உற்பத்தி முறையைத் தெரிந்துகொண்டால் தயக்கம் போய்விடும். ரைசன் 5 5600-க்குள் இருக்கும் சில், எட்டுக் கோர் ரைசன் 7-க்குள் இருக்கும் அதே சில்தான். 30 செ.மீ. அகல வட்டத் தகட்டில் நூற்றுக்கணக்கான சில்கள் ஒன்றாக அச்சாகின்றன. எங்கேயோ ஒரு கோரில் நுண்ணிய பழுது விழுந்தால் சில்லைத் தூக்கி எறியாமல், அந்தக் கோரையும் கூட ஒன்றையும் நிரந்தரமாக அணைத்துவிட்டு ஆறு கோராக விற்கிறார்கள். மீதி ஆறும் முழுச் சோதனையில் தேறியவை. ஒவ்வொரு தகட்டிலிருந்தும் இப்படிப்பட்டவை இயல்பாகவே கிடைப்பதால் விலை இறங்குகிறது. உச்ச வேகத்துக்குத் தாங்கும் அபூர்வச் சில்களைப் பொறுக்கியெடுத்து மேல்வரிசையில் விற்பதால் அங்கே விலை ஏறுகிறது. தொடக்கத்திலிருந்தே ஒரு பிராசசரை வடிவமைப்பவர்களும் வேலைக்கு ஏற்ற அளவில்தான் சிந்திக்கிறார்கள். ஐஐடி மெட்ராஸில் பேராசிரியர் வி. காமகோடி குழுவினர் உருவாக்கிய சக்தி பிராசசரில், சின்னக் கருவிகளுக்கு இ, நடுத்தர வேலைக்கு சி, கனமான வேலைக்கு ஐ என்று தனித்தனி வகுப்புகளே உண்டு.

‘பெருசா வாங்கிப் போட்டா பத்து வருஷம் ஓடும்’ என்பதுதான் வீடுகளில் வலுவாக நிற்கும் எதிர்வாதம். ஒருமுறைதான் வாங்க முடியும் என்ற நிலையில் இருப்பவர்கள் இதைச் சொல்லும்போது அதற்குப் பின்னால் உழைப்பும் கவலையும் இருக்கின்றன. லேசாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் கடந்த பத்து ஆண்டுகளின் சான்று வேறு மாதிரி சொல்கிறது. 2017-இல் இன்டெல்லின் வீட்டு வரிசையில் தலைவனாக இருந்தது கோர் ஐ7-8700கே: ஆறு கோர், 95 வாட், அறிவிப்பு விலை 359 டாலர். 2022 தொடக்கத்தில் வந்த ஐ5-12400-ம் ஆறு கோர்தான். 65 வாட், 192 டாலர். தனிக் கோர் வேலையிலும் எல்லாக் கோரும் சேர்ந்த வேலையிலும் அது பழைய தலைவனை முந்துகிறது. ஐந்தே ஆண்டுகளில் உச்சி நடுவுக்கு இறங்கிவிடுகிறது. ஆகவே இன்று உச்சிக்குக் கொடுக்கும் கூடுதல் பணத்தைக் கையில் வைத்திருந்து, பின்னாளில் பிராசசரை மட்டும் மாற்றுவதே நீண்ட ஆயுளுக்கு வழி. அதற்கு, பிராசசர் மதர்போர்டில் பொருந்தும் சாக்கெட்டைக் கவனிக்க வேண்டும். 2017-இல் ஏஎம்4 மதர்போர்டு வாங்கியவர்களில் பலர், பயாஸ் புதுப்பித்து, 2022-இல் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டி-யை அதே போர்டில் மாட்ட முடிந்தது. ஏஎம்5 சாக்கெட்டுக்கு 2027 வரையிலாவது ஆதரவு இருக்கும் என்று ஏஎம்டி அறிவித்திருக்கிறது. இன்டெல்லின் எல்ஜிஏ1700 14-ஆம் தலைமுறையோடு முடிந்துவிட்டது. 12400 வாங்குகிறவர் அதன் விலைக் குறைவுக்காக வாங்கலாம், பின்னால் மாற்றும் நம்பிக்கையில் வாங்கக் கூடாது.

எதிர்ப்பக்கத்திலிருந்தும் ஒரு கேள்வி வரும்: அப்படியென்றால் இன்னும் கீழே இறங்கினால் என்ன, அலுவலகங்களிலிருந்து வரும் பழைய நான்காம் தலைமுறை ஐ5 செகண்ட்ஸில் கிடைக்கிறதே? விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது; விண்டோஸ் 11 முறைப்படி எட்டாம் தலைமுறைக்குக் கீழே உள்ள இன்டெல் பிராசசர்களை, மிகச் சில விதிவிலக்குகள் தவிர, ஏற்பதில்லை. லினக்ஸ் போட்டுப் பழகியவர்களுக்கு அந்தப் பழைய பெட்டிகள் இன்னும் நல்ல சொத்து. மற்றவர்களுக்கு, பேங்க் வேலையும் கல்லூரி வேலையும் நடக்கும் ஒரே கம்ப்யூட்டரைப் பாதுகாப்புத் திருத்தம் இல்லாமல் ஓட்டச் சொல்ல என்னால் முடியாது. புதிய நான்கு கோர் ஐ3-12100 தட்டச்சுக்கும் டேலிக்கும் நிறைவாகப் போதும். ஆனால் ஒரே பெட்டியை அக்காள் பாடத்துக்கும், தம்பி கேமுக்கும், அப்பா ஜிஎஸ்டி கணக்குக்கும் பயன்படுத்தும் வீட்டில் ஆறு கோர் தரும் இடைவெளி ஒவ்வொரு நாளும் உணரப்படும்.

மிச்சமாகும் பணம் எங்கே போக வேண்டும் என்பதும் இயற்பியல் சொல்வதுதான். 4 கிகாஹெர்ட்ஸ் பிராசசர் ராமிலிருந்து ஒரு தகவலுக்காக 80 நானோசெகண்ட் காத்திருந்தால் 320 துடிப்புகள் வீண். பழைய சுழலும் ஹார்ட் டிஸ்கிலிருந்து 10 மில்லிசெகண்ட் காத்திருந்தால் 4 கோடித் துடிப்புகள் வீண். 8 ஜிபி ராம் நிரம்பி வழிந்து டிஸ்கைத் தொடத் தொடங்கிய கணத்தில் ஐ9-ம் ஐ3-ம் ஒரே வேகத்தில் காத்திருக்கும். ஆகவே எஸ்எஸ்டி கட்டாயம். ராம் 16 ஜிபி, இரண்டு 8 ஜிபி குச்சிகளாக. 2025 கடைசியில் செயற்கை நுண்ணறிவு மையங்களின் தேவையால் ராம் விலை கடுமையாக ஏறியபோது, பிராசசரில் மிச்சம் பிடித்தவர்களால்தான் அதைச் சமாளிக்க முடிந்திருக்கும். அடுத்து எஸ்எம்பிஎஸ். விலை குறைந்த எஸ்எம்பிஎஸ் பழுதாகும்போது தன்னோடு மதர்போர்டையும் கூட்டிக்கொண்டு போகலாம். கிராபிக்ஸ் கார்டு இல்லாத இந்த வகை மெஷின் மானிட்டரோடு சேர்த்து 150 வாட்டுக்குள் ஓடும் என்பதால், பல வீடுகளில் இருக்கும் 600 விஏ யுபிஎஸ்ஸே கரண்ட் போனதும் வேலையைச் சேமித்து அணைக்க நேரம் கொடுக்கும். பெரிய மெஷினுக்கு அதே யுபிஎஸ் ‘பீப்’ என்று கத்திவிட்டு விழும். மின் கட்டணத்தைப் பெரிதாக்கிச் சொல்ல நான் விரும்பவில்லை. 100 வாட் வித்தியாசம், நாளொன்றுக்கு 4 மணி நேரம், இரண்டு மாதத்துக்கு 24 யூனிட். முதல் 100 யூனிட் இலவசம் என்ற நம் கணக்கில் அது பல வீடுகளுக்குத் தாங்கக்கூடியதே. ஏசி ஓடி 500 யூனிட்டை உரசிக்கொண்டிருக்கும் வீட்டுக்கு மட்டும், அந்த 24 யூனிட் பில்லை வேறு விகிதத்துக்குத் தள்ளிவிடக்கூடும்.

கடையில் ‘ட்ரே பீஸ்’ என்று பெட்டியில்லாமல் கொடுப்பதில் சில நூறுகள் குறையும். பெட்டியோடு வரும் கூலரும் நிறுவனத்தின் மூன்றாண்டு வாரண்டியும் அதில் இராது. ஹீட் சிங்கைப் பொருத்தும்போது நடுவில் பட்டாணி அளவு பேஸ்ட் போதும். திருகுகளை மூலைக்கு மூலை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும். கேபினட்டின் பின்பக்கத்துக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி விட வேண்டும்.

அசெம்பிள் செய்த வாரத்திலேயே ஒரு சோதனை செய்துவிடலாம். மதியம் இரண்டு மணி, ஏசி இல்லாத அறை, எல்லாக் கோரையும் முழுச் சுமையில் அரை மணி நேரம் ஓட்டும் ஏதாவது ஓர் இலவச மென்பொருள். முதல் நிமிடத்தில் தெரியும் வேகத்தைக் குறித்துக்கொள்ள வேண்டாம். அது கூலர் இன்னும் குளிர்ச்சியாக இருப்பதன் வேகம். முப்பதாவது நிமிடத்தில் கடிகார வேகம் எவ்வளவு, வெப்பநிலை எவ்வளவு என்று பாருங்கள். ஐ5-12400 என்றால் 2.5 கிகாஹெர்ட்ஸ் என்ற அடிப்படை வேகத்துக்கு நன்றாக மேலே, ரைசன் 5 5600 என்றால் 3.5-க்கு மேலே, வரம்புக்குப் பத்து டிகிரியாவது கீழே நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் ஹீட் சிங்கைக் கழற்றி, பேஸ்ட் தகடு முழுவதும் பரவியிருக்கிறதா என்று பாருங்கள்.